வீடியோ கால் "விசிட்" ஆகுமா? மெடிகேர் (அமெரிக்க அரசோட முதியோர் காப்பீடு) காசு தருதா இல்லையா?

பில்லிங் பாலா: அமெரிக்கத் தமிழர் வாட்ஸாப் குழுவுல ஒரு பெரியவர் அடிச்சு விட்டிருக்கார்: "ஹோம் ஹெல்த் நர்ஸ் வீட்டுக்கு வராம வீடியோல பார்த்தாலும் மெடிகேர் விசிட் காசு கொடுக்கும்." 11 வருஷமா ஹோம் ஹெல்த் பில்லிங் பண்றேன். வீடியோ கால் விசிட் இல்லை. டாக்டர் உத்தரவுல நேர்ல வரணும்னு இருந்தா அதுக்குப் பதிலா வீடியோ கணக்காகாது, சட்டத்துலயே இருக்கு.

ஆஸ்டின் அரசு: அந்தப் "பெரியவர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நர்ஸ் பாதி நாள் வீடியோலதான் வந்தாங்க. ஒரு டாலர் பில் வரலை. மெடிகேர் கொடுக்காம உங்க தாத்தாவா கொடுத்தார்?

பில்லிங் பாலா: ஹோம் ஹெல்த்துக்கு ஒரிஜினல் மெடிகேர்ல (அரசே நேரடியா நடத்தறது) நோயாளி பங்கே கிடையாது சார். நர்ஸ் வந்தாலும் உங்களுக்கு பில் வராது, வராட்டியும் வராது. 2020லேர்ந்து நர்ஸை அனுப்பற ஏஜென்சிக்கு 30 நாளைக்கு ஒரு மொத்தத் தொகை. வீடியோவுக்குத் தனியா சல்லிக்காசு இல்லை. வர வேண்டியவங்க போன்ல முடிச்சிருக்காங்க, ஏமாந்தது உங்க அம்மா.

ஆஸ்டின் அரசு: அம்மாவை இழுக்காதீங்க.

பில்லிங் பாலா: இழுத்தது நீங்க.

மீனா நர்ஸ்: அந்த 30 நாள்ல விசிட் குறைஞ்சுட்டா (கேஸைப் பொறுத்து 2லேர்ந்து 6 வரை வரம்பு) மொத்தத் தொகை போச்சு, போன விசிட்டுக்கு மட்டும்தான் காசு. ஒரு பாட்டிக்கு 40 நிமிஷம் வீடியோல இன்சுலின் போடக் கத்துக் கொடுத்தேன். அந்த எண்ணிக்கையில அது பூஜ்யம். அப்போ நான் வேலையே பார்க்கலையா?

பில்லிங் பாலா: வேலைதான் மேடம். விசிட் இல்லை.

ஆஸ்டின் அரசு: மொத்தத் தொகைக்குள்ள வீடியோ செலவும் அடக்கம்னா கொடுக்குதுன்னுதானே அர்த்தம்? கல்யாணப் பந்தியில அப்பளத்துக்குத் தனி பில்லா போடறாங்க?

பில்லிங் பாலா: அப்பளத்தை மட்டும் போட்டுட்டு இலையை எடுத்தா அதுக்குப் பேரு பந்தி இல்லை. பில்லிங் கோடு பாருங்க: ஜி0320 வீடியோவுக்கு, ஜி0321 வெறும் போனுக்கு, ஜி0322 தொலைவுக் கண்காணிப்புக்கு. 2023 ஜூலையிலிருந்து பில்லுல எழுதியே ஆகணும்.

ஆஸ்டின் அரசு: பார்த்தீங்களா! கோடு இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

பில்லிங் பாலா: கணக்கெடுக்க வச்ச கோடு சார் அது. காசு பூஜ்யம். விசிட் இல்லை, விசிட் இல்லை, விசிட் இல்லை.

சும்மா வந்தவன்: தொலைமருத்துவம்னு அழகா ஒரு சொல் இருக்க, எதுக்கு இத்தனை "விசிட்"?

மீனா நர்ஸ்: நீங்க வந்து ஊசி போடுங்க, தமிழ்லயே பேசிக்கலாம்.

ஆஸ்டின் அரசு: டெக்சாஸ் மெடிகெய்டு (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசுக் காப்பீடு) சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக் கண்காணிப்புக்குக் காசு கொடுக்குது. அதையும் இல்லைம்பாரா பாலா?

பில்லிங் பாலா: கேட்டது மெடிகேர், சொல்றது மெடிகெய்டு. கிரீன் கார்டு வந்த மறுநாளே அப்பா அம்மாவுக்கு மெடிகேர் வாங்கலாம்னு சொன்னதும் இவர்தானே? 5 வருஷம் தொடர்ந்து இங்க இருக்கணும்னு அன்னைக்கும் நான்தான் சொன்னேன். யாராவது நன்றி சொன்னீங்களா?

ஆஸ்டின் அரசு: 2 வருஷமா அதையே பிடிச்சுத் தொங்கறீங்க. சரி, சேவை ஆரம்பிக்க முன்னாடி 90 நாள் இல்லைன்னா பின்னாடி 30 நாளுக்குள்ள டாக்டர் நோயாளி முகத்தைப் பார்க்கணுமே, கோவிட் வந்ததுலேர்ந்து அதை வீட்டுலேர்ந்தே வீடியோல முடிக்கலாம்னு விட்டாங்களே? டாக்டர் வீடியோ செல்லும், நர்ஸ் வீடியோ செல்லாதா?

பில்லிங் பாலா: அது டாக்டர் கணக்கு, மெடிகேர்ல பார்ட் பிங்கற தனிப் பிரிவு. அந்தச் சலுகையும் 2025 அக்டோபர் 1ல காலாவதியாகி, நவம்பர்லதான் உயிர் வந்துச்சு. அந்த ஒன்றரை மாசம் நான் பட்ட பாடு இங்க யாருக்குத் தெரியும்?

மீனா நர்ஸ்: பாவம், நாற்காலியில உட்கார்ந்து ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க.

பில்லிங் பாலா: அந்த பில் போகலைன்னா உங்க சம்பளம் எங்கேர்ந்து வரும் மேடம்?

ஆஸ்டின் அரசு: இப்பத்தான் அம்மாகிட்ட கேட்டேன். "நர்ஸ் பொண்ணு வந்துச்சா?" "வந்துச்சுப்பா, போன்ல." கேட்டுச்சா? வந்துச்சாம்.

பில்லிங் பாலா: விசிட் இல்லை.

சும்மா வந்தவன்: வருகை.