புதுப்பிப்பு: எடை குறையும்போது வந்த எரிச்சலும் தூக்கமின்மையும், எது சரியாக்கியது

எடை இறங்கிவந்தாலும், இடையில் தராசு அசையாத நாளெல்லாம் மனசு துவண்டுபோகிறது, ராத்திரி தூக்கமும் இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

தண்டையார்பேட்டை அக்கா சொன்னதுதான் பலித்தது: காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் எடை பார்க்கணும், ஒப்பிடுவது 7 நாள் சராசரியை மட்டும். வாரம் ஒருமுறை, மூச்சை விட்டபின் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வயிற்றளவு பார்க்கணும்.

எதிர்பாராதது ஒன்று. ஞாயிறு கருவாட்டுக் குழம்பும் கூடுதல் சோறும், திங்களன்று 1.3 கிலோ ஏற்றம்! அது கொழுப்பில்லை. உப்பு நீரைப் பிடித்துவைக்கும். சோற்றின் மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்; சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் நீர் தங்கும். புதனுக்குள் இறங்கிவிட்டது.

தூக்கம் கெட்டதற்குக் காரணம் இரவுச் சாப்பாட்டை அறவே விட்டது. 8 மணிக்குள் ஒரு கரண்டி சோறு, கூடவே 2 முட்டை அல்லது காசிமேட்டு மத்தி 100 கிராம் என்று மாற்றிய பத்தாம் நாள் நன்றாகத் தூக்கம் வந்தது. இறக்கம் வாரம் 900 கிராமிலிருந்து 400 ஆனது. இந்த வேகமே போதும்.

சோர்வு இரண்டு வாரம் தாண்டினால் தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.