காளையார்கோவில், கொல்லங்குடி, திருப்பத்தூர்: கைடு இல்லாமல் நாமே சுற்றிப் பார்க்க வழி சொல்லுங்கள்

காரைக்குடிக்காரன்:
சென்னையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வருகிறார். ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி எல்லாம் போன தடவையே காட்டியாச்சு. இந்த முறை சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரும், வெள்ளையரை எதிர்த்த மருது சகோதரர்களும் கொல்லப்பட்ட இடங்களைப் பார்த்தே ஆக வேண்டுமாம், அதுவும் கைடு வைக்காமல் நடந்தே. ஒரே நாளில் முடியுமா? எங்கே தொடங்குவது?

கல்லல் வாசி:
நடந்தேவா? மச்சானை வெயிலில் வாட்டி எடுக்க ஆசையா அண்ணே! ஊருக்கு ஊர் காரில் போங்க, ஊருக்குள் நடங்க. காலையிலேயே கல்லல் வழியாகக் காளையார்கோவில் போயிடுங்க, மதியம் நடை சாத்திடுவாங்க. 1772 ஜூன் 25-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை முத்துவடுகநாதரைக் கொன்றது இங்கேதான். மருதுபாண்டியர் கட்டிய ஒன்பது நிலை ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு எதிரே வந்தால் அவர்கள் சமாதி. தூக்கிலிட்டது திருப்பத்தூரில், ஆனால் தலைகளை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்ததாகச் சொல்வார்கள். அப்படியே யானைமடு தெப்பக்குளத்தையும் ஒரு சுற்று சுற்றிடுங்க, நிதானமாக நடக்க அதுதான் நல்ல இடம்.

சிவகங்கைப் பெண்:
எல்லாரும் ராஜாவோடு நிறுத்திவிடுகிறீர்கள். அங்கிருந்து சிவகங்கை சாலையில் கொல்லங்குடி வரும், பக்கத்தில் அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளி கோயில். ராஜாவின் மனைவி வேலு நாச்சியார் தப்பிப்போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் உடையாள் என்ற பெண்ணை வெட்டிப்போட்டார்கள், நாச்சியார் ஆட்சிக்குத் திரும்பியதும் தன் தாலியையே அவளுக்குக் காணிக்கையாக வைத்தார் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. ஏமாற்றப்பட்டவர்கள் இன்றைக்கும் அங்கே வந்து காசை வெட்டிப் போட்டு நியாயம் கேட்கிறார்கள். உளி சத்தம் கேட்டால் தள்ளி நின்று பாருங்கள், செல்போனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் வயிற்றெரிச்சலோடு வந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு இடத்துக்காகவே போகலாம்.

காரைக்குடிக்காரன்:
நன்றி தங்கச்சி, இது எனக்கே தெரியாது. அப்போ சிறுவயல்?

கல்லல் வாசி:
மருதுபாண்டியர் அரண்மனை இருந்த ஊர்தான், 1801 சண்டையில் தீக்கிரையாகிவிட்டது. வழியில் வண்டியை நிறுத்தி ஊரைக் காட்டுங்க, அது போதும். கோட்டை, மதில் என்று மச்சானுக்கு ஆசை காட்டாதீங்க.

திருப்பத்தூரான்:
சாயங்காலம் எங்க ஊர். 1801 அக்டோபர் 24-ல் பெரிய மருது, சின்ன மருது, பிள்ளைகள், உறவினர்கள், கூட நின்றவர்கள் என்று கூட்டமாகத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி சிறுவன் என்பதால் உயிர் தப்பினார், ஆனால் பினாங்குக்கு நாடு கடத்திவிட்டார்கள். நினைவு மண்டபம் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி பக்கம், பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அப்புறம் எப்போது வருகிறார்கள்? அக்டோபர் கடைசி என்றால் வேண்டாம். 24-ம் தேதி இங்கே விழா, 27-ல் காளையார்கோவிலில் குருபூஜை, தடை உத்தரவு போட்டுவிடுவார்கள், வாடகை வண்டியை விடமாட்டார்கள்.

காரைக்குடிக்காரன்:
பொங்கல் லீவுக்குத்தான் அண்ணே. சரி, காளையார்கோவில், கொல்லங்குடி, கடைசியில் திருப்பத்தூர். மச்சானிடம் செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டு வரச் சொல்கிறேன்.