எமுலேட்டருக்குத் தமிழ்ச் சொல்: போன்மியா, ஒப்புப்பொறியா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஆட்டங்களை ஓட்ட உதவும் ரெட்ரோஆர்ச் மென்பொருளை நிறுவும் கையேட்டைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஃபேமிகாம், முதல் பிளேஸ்டேஷன் என்ற இரண்டு பழைய ஆட்டப் பெட்டிகளின் ஆட்டங்களையும் கணினியில் ஓட்டுவது வரைதான் எல்லை. எமுலேட்டர் (பழைய பெட்டியைப் போலவே நடக்கும் மென்பொருள்), சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை அந்தக் கணத்திலேயே பிடித்து வைப்பது), கோர் (ரெட்ரோஆர்ச்சில் ஒரு பெட்டிக்கான எமுலேட்டர் நிரல்) மூன்றுக்கும் சொல் முடிவாகாததால் முதல் பக்கமே நகரவில்லை. எமுலேட்டருக்குப் ‘போன்மி’ என்று வைக்கலாமா? சுருக்கமாக இருக்கிறது, ‘போன்ம்’ இலக்கண நூல்களிலும் உள்ள வடிவம்தான்.

மடல் 2

> ‘போன்மி’ என்று வைக்கலாமா?

ஐயா, அது மீமுக்குப் போய்விட்டது. தேடினால் வடிவேலு முகம்தான் வரும். ‘போலி’யும் வேண்டாம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற ஃபேமிகாம் நகல் பெட்டிகளுக்கு அது பொருந்தும். அவை வன்பொருளையே நகலெடுத்தவை.

எமுலேட்டர் என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானே வரும். ஃபேமிகாமின் செயலி 1.79 மெகாஹெர்ட்சில் ஓடுகிறது. படம் வரையும் சில்லுக்கு அதைப்போல் மும்மடங்கு வேகம். செயலி ஒரு துடிப்பு நகர்ந்தால் படச்சில்லு மூன்று புள்ளி நகர்ந்திருக்க வேண்டும். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் காட்சி நகர, மேலே மதிப்பெண் வரி மட்டும் அசையாமல் நிற்கிறதே, அது இந்தக் கணக்கை நம்பித்தான். படச்சில்லு குறிப்பிட்ட ஒரு புள்ளியை எட்டியதும் ஒரு கொடி, அதாவது ஆட்டம் பார்த்தறியும் அடையாளக் குறி, உயரும். ஆட்டம் அதற்காகக் காத்திருக்கும். கொடி உயரவே இல்லையென்றால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடும்.

ஆக, இங்கே ஒத்து நடப்பது பழைய பொறியோடு. ஆட்டத்துக்கு இடம் மாறியதே தெரியாது. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன் இப்படிச் செய்வதில்லை: மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் கேள்வியை லினக்ஸுக்கு மாற்றிச் சொல்கிறது, செயலியைப்போல் நடிப்பதில்லை. விமானப் பயிற்சி மென்பொருளோ விளைவை மட்டும் காட்டும். அதற்குப் ‘பாவனையாக்கி’ போதும்.

என் முன்மொழிவு: ஒப்புப்பொறி. வினையாக, ‘ஒப்புப்பொறியில் ஓட்டு’.

மடல் 3

ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலான கேம் எஞ்சினையும் ‘விளையாட்டுப் பொறி’ என்கிறோமே. ஸ்கம்விஎம் பழைய சாகச ஆட்டங்களின் எஞ்சினையே புதிதாக எழுதி, தரவுக் கோப்புகளை மட்டும் படிக்கிறது. அதையும் ஒப்புப்பொறி என்று யாராவது எழுதிவிடுவார்கள். ‘ஒத்தியங்கி’ எப்படி?

சேவ் ஸ்டேட்டில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. அதைச் ‘சேமிப்பு’ என்று எழுதவே கூடாது. பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு 128 கிலோபைட். ஆட்டமே அதில் எழுதுவதுதான் சேமிப்பு. சேவ் ஸ்டேட்டோ 2 எம்பி நினைவகம், 1 எம்பி பட நினைவகம், செயலியின் பதிவகங்கள் என்று பொறி முழுவதையும் அந்தக் கணத்தில் பிடித்து வைக்கிறது. கோர் பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம்; மெமரி கார்டுக் கோப்புக்கு அந்தச் சிக்கல் அரிது. பழைய ஸ்டேட்டைத் திறந்தால் புதிய மெமரி கார்டுச் சேமிப்பும் பின்னுக்குப் போகக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், படிப்பவர் நாற்பது மணி நேர ஆட்டத்தை இழப்பார். ‘நிலைப்பதிவு’ என்று வையுங்கள்.

மடல் 4

நிலைப்பதிவு சரி, எடுத்துக்கொள்கிறோம். ‘ஒத்தியங்கா’ என்று அசிங்க்ரனஸுக்கு ஏற்கெனவே எழுதுகிறார்கள். ‘ஒத்தியங்கி’ அதோடு மோதும். ஸ்கம்விஎம்மை ‘எஞ்சின் மறுஆக்கம்’ என்று தனியே சொல்லிவிட்டால் ஒப்புப்பொறிக்குத் தடையில்லை. சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள்:

“பிளேஸ்டேஷனுக்கான பீட்டில் பிஎஸ்எக்ஸ் ஒப்புப்பொறிக்குப் பயாஸ் (பெட்டியின் தொடக்க நிரல்) கோப்பு கட்டாயம். அமெரிக்க ஆட்டங்களுக்கு எஸ்சிபிஎச்5501, ஜப்பானுக்கு 5500, ஐரோப்பாவுக்கு 5502. உங்கள் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்த கோப்பை ‘சிஸ்டம்’ அடைவில் வையுங்கள். அளவு சரியாக 5,24,288 பைட் இருக்க வேண்டும். பெயர் முழுவதும் சிறிய ஆங்கில எழுத்துகளில். லினக்ஸில் ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் கோப்பு கண்ணில் படாது, ஆட்டம் தொடங்காது. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற இன்னொரு ஒப்புப்பொறி பயாஸ் இல்லாமலும் ஓடும், ஆனால் சில ஆட்டங்கள் தடுமாறும்.

வட்டுப் படிமம், அதாவது ஆட்ட வட்டின் நகல், ‘பின்’ (.bin), ‘கியூ’ (.cue) என இரண்டு வகைக் கோப்புகளாக இருக்கும். திறக்க வேண்டியது கியூவை. ‘பின்’ கோப்பின் பெயரை மாற்றினால் கியூவைக் குறிப்பேட்டில் திறந்து அங்கேயும் மாற்றுங்கள். இரண்டையும் சிஎச்டிமேன் கருவியால் ஒரே சிஎச்டி கோப்பாக்கினால் இந்தத் தொல்லை இல்லை, இடமும் மிச்சம்.”

> கோர்

இதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்கிறேன். ‘கரு’ என்றால் செயலியின் நான்கு கரு, எட்டுக் கருவோடு குழம்பும். பயனர் பதிவிறக்குவதும் மெனுவில் தேடுவதும் ‘கோர்’ என்ற பெயரில்தான். முதல் முறை வரும் இடத்தில் ‘கோர், அதாவது ஒரு பெட்டிக்கான ஒப்புப்பொறி நிரல்’ என்று விளக்கிவிட்டுக் கோர் என்றே தொடரலாம். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுவோம்.