புதுப்பிப்பு: கார் இல்லாமல் காட்ஸ்வோல்ட்ஸ்

‘கார் இல்லாமல் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமங்களைப் பார்க்க முடியுமா?’ என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன், முடியும். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் மோர்டன்-இன்-மார்ஷ் ஊருக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் கிராமம். விண்ட்ரஷ் ஆறு அங்கே கணுக்கால் ஆழம்தான், அதற்கு வரிசையாகக் கல் பாலங்கள்! ஆனால் திருவிழாக் கூட்டம். தப்பித்து, வயல்வழியே ஒரு மைல் நடந்து லோயர் ஸ்லாட்டர் போனேன். ஆங்கிலத்தில் ‘ஸ்லாட்டர்’ என்றால் வெட்டிக் கொல்வது என்பதால் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். வெட்டுக்குத்து எதுவும் இல்லை, சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லாம். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், பழைய மாவு மில், வாசலையொட்டி ஓடும் ஓடை. இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அப்புறம், பதிலில் நீங்கள் சொன்ன பைபரி கிராமம்? பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். அங்கே 14ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் கிடங்காக இருந்து, பின்னாளில் நெசவாளர் வீடுகளான ஆர்லிங்டன் ரோ அடுத்த முறைக்கு.