கொத்தமல்லிக்கு மட்டும்தானா தெருமுனைக் கடை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் வாசி:

எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை இரண்டு ஷட்டர் கடை. போன வாரம் ஒரு ஷட்டரை இறக்கிவிட்டார். அந்தப் பாதியை வாடகைக்கு விடப் போகிறாராம். "ரெண்டு ஷட்டருக்கு யாவாரம் இல்லம்மா" என்றார், அவ்வளவுதான். எனக்கு 2023 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த மறுநாள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. பர்ஸில் நாற்பது ரூபாய். பத்து நிமிஷத்தில் எதையும் கொண்டுவந்து கொடுக்கும் ஆப் திறக்கவே இல்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். மூட்டைகளை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீள நோட்டு. ஜிபே ஓடாது, காசு இல்லை என்று நான் இழுப்பதற்குள், "எழுதிக்கிடுதேன், கொண்டு போங்க. பச்சப்புள்ள இருக்க வீடு, மொதல்ல பால் பவுடர எடுங்க" என்றார். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ.

பீளமேட்டுக்காரன்:

கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர் எங்க கோயமுத்தூர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் கிரைண்டர் வாங்கியவன் நான். சிரிக்க வேண்டாம், தள்ளுபடி அப்படி.

ஒன்றரை வருஷத்தில் மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை. கஸ்டமர் கேருக்கு நாலு தடவை போன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. கடைசியில் "பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது லாபம் சார்" என்றார்கள். அம்மா பேசாமல் அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, சந்துக்குள் இருக்கிற ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு தானுங்க போயிருக்குது. இதுக்கு எதுக்குங்க புதுசு?" என்றார். டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்தது. பெல்ட்டும் கூலியும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய். "இது எங்கீங்க வாங்கினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்பத்தூர் எரிச்சல்:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் தெருக் கடையில் வாங்கிய ரவையில் புழு. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி முடிந்து இரண்டு மாதம். கேட்டதற்கு, "பாத்து வாங்க வேண்டியதுதானே" என்று பதில். சில்லறைக்குப் பதில் மிட்டாய், அதையே நான் திருப்பிக் கொடுத்தால் முறைப்பு. பில் கேட்டால் இன்னொரு முறைப்பு. சூப்பர் மார்க்கெட்டில் யாரும் என் குழந்தையை விசாரிப்பதில்லை, வாஸ்தவம். ஆனால் ரவையில் புழுவும் இருப்பதில்லை. பரிதாபத்துக்காக ஒரு கடையில் எத்தனை நாள் வாங்க முடியும்?

மதுரை, அண்ணா நகர், பணி ஓய்வு:

எங்கள் பேட்டைக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இங்கேதான் திறந்தார்கள். விளைவிக்கிறவரே விற்க வேண்டும், இடையில் தரகர் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் கடை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள்.

ஆறு மணிக்கே போய்விடுவேன். ஒரு அம்மாவிடம்தான் கீரை வாங்குவேன். ஒருநாள் முருங்கைக்காய் கேட்டதும், "நேத்தே பறிச்சது, நாரா இருக்கும். நாளைக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். கையில் சரக்கை வைத்துக்கொண்டே விற்க மாட்டேன் என்கிறார்! பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் ஒழுக்கம் பாடம் எடுத்தவன், பை பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பத்தூர்க்காரருக்கு அந்த அம்மா கிடைத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மளிகைக்கடைக்காரர் மகள்:

அம்பத்தூர்க்காரர் சொன்னது உண்மை. ஏன் அப்படி ஆகிறது என்று நான் சொல்கிறேன். அப்பா தாம்பரம் பக்கம் இருபத்தாறு வருஷம் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அண்ணனும் கல்லாவில்தான் வீட்டுப்பாடம் எழுதுவோம்.

பால் பாக்கெட், சோப்பு, சிப்ஸ் இதிலெல்லாம் விலை அச்சாகியே வரும். கடைக்காரனுக்கு நிற்பது சில்லறைக் காசு. பால் விற்கிற காசு ஃப்ரிட்ஜ் கரண்டுக்கே பத்தாது என்பார் அப்பா. பால் வாங்க வருகிறவர் பருப்பும் வாங்குவார் என்று நம்பித்தான் பால் வைப்பது. அரிசி, துவரை, உளுந்து, புளி, மிளகாய், இவற்றை மூட்டையாக எடுத்துச் சில்லறையில் நிறுத்துப் போடுவதில்தான் கடை வாடகையும் எங்கள் பீஸும் இருந்தது.

பெரிய கடை வந்தபோது எங்களை விட்டு முதலில் போனது மாதச் சாமான் லிஸ்ட். மிச்சம் இருந்தது ஐந்து ரூபாய் கொத்தமல்லி, அவசரத் தீப்பெட்டி, அப்புறம் கடன் நோட்டு. லிஸ்ட் போனால் சரக்கு நகராது. நகராத ரவையில்தான் புழு வைக்கும், நகராத பிஸ்கட்டுக்குத்தான் தேதி முடியும். தேதி முடிந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய வண்டிக்காரர், சின்ன ஆர்டர் கடைக்கு நினைத்தால்தான் வருவார். அதற்காகப் பழையதைத் தலையில் கட்டலாமா என்றால் கூடாது. அப்பா கட்டியதில்லை, குப்பையில் கொட்டினார். அதனால்தான் சீக்கிரம் மூடினார் என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான்.

கடையை எடுத்த அன்று, "ஐயையோ, ராத்திரி பத்து மணிக்கு இனி எங்கே போவோம்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய. மாதச் சாமானை அவர்கள் எங்கே வாங்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கடைப் பையோடுதான் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள்.

நிஜமாகவே உதவ நினைக்கிறவர்கள் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். நிறுத்துப் போடுகிற அரிசி, துவரை, உளுந்து, புளி, மிளகாய், அந்த ஐந்து சாமானை மட்டும் மாதா மாதம் தெருக்கடையில் வாங்குங்கள். கடன் சொல்லாதீர்கள். விலை கூட இருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். சொல்லாமல் கடை மாறுவதைவிட, கேட்டுச் சண்டை போடுகிற ஆளைத்தான் அப்பாவுக்குப் பிடிக்கும்.

மடிப்பாக்கம் வாசி:

மளிகைக்கடைக்காரர் மகள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. புயலன்று எழுதிய கடனை மறுவாரமே கொடுத்துவிட்டேன், நல்லவேளை. ஆனால் அதற்கப்புறம் அவரிடம் உருப்படியாக என்ன வாங்கினேன் என்று யோசித்தால் கறிவேப்பிலைதான் ஞாபகம் வருகிறது.

இன்று ஒன்றாம் தேதி. பழைய மாதிரி தாளில் லிஸ்ட் எழுதிக்கொண்டு போனேன். உளுந்து பெரிய கடையைவிடக் கிலோவுக்கு எட்டு ரூபாய் கூட இருந்தது. சொன்னேன். "அவுக லாரில எடுக்காக, நான் மூட்டைல எடுக்கேன்" என்று முனகிவிட்டு நாலு ரூபாய் குறைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் மேலிருந்து பார்த்தார்.

"என்னம்மா, வீட்ல எதும் விசேஷமா?"