மாண்டிசோரி: பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்க (சேலம், ஏற்காடு)

அஸ்தம்பட்டி அம்மா:
பையனுக்கு மூணு வயசு முடியப் போகுது. சேலத்துல எங்கே திரும்பினாலும் மாண்டிசோரின்னு (பிள்ளைகள் சாமான்களைத் தாங்களே கையாண்டு கற்கும் முறை) போர்டு இருக்கு. உள்ளே என்ன இருக்கணும், என்ன நடக்கணும்? வீட்டில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஃபேர்லேண்ட்ஸ் டீச்சர்:
போர்டை விடுங்க, காலை நேரம் எப்படிப் போகுதுன்னு கேளுங்க. பெல் அடிக்காம, "எல்லாரும் இதை எடுங்க"ன்னு சொல்லாம, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையில் இருக்கணும். 3 வயசும் 6 வயசும் ஒரே அறையில் இருக்கணும். அலமாரியில் ஒவ்வொரு சாமானும் ஒரு செட்தான். இன்னொருத்தன் எடுத்திருந்தா முடியும்வரை காத்திருக்கணும். பொறுமை அங்கேதான் வருது. பத்து செட் வாங்கி வெச்சா அந்தப் பாடம் போச்சு.

வீட்டில் ஊற்றும் வேலையிலிருந்து தொடங்குங்க. விளிம்புள்ள தட்டு, 200 மில்லி பிடிக்கிற இரண்டு சின்ன கண்ணாடி ஜக். முதலில் ராஜ்மா, அப்புறம் அரிசி, கடைசியில் தண்ணீர், அதுவும் பாதி ஜக்தான். எவர்சில்வர் வேண்டாம், உள்ளே எவ்வளவு இருக்குன்னு வெளியிலிருந்து தெரியாது. ஜக்குக்கு மூக்கு இல்லைன்னா தண்ணீர் அடிப்பக்கமா வழியும், பிள்ளை தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கும். தட்டிலேயே சின்ன ஸ்பாஞ்ச் வையுங்க. சிந்தினதும் நீங்க துணியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. துடைக்கிறதும் அந்த வேலையில் பாதி. ராஜ்மாவும் சரி, அரிசியும் சரி, மூக்கில் போட்டுக்கும் வயசு, பக்கத்தில் உட்காருங்க.

கிச்சிப்பாளையம் மரவேலை:
இளஞ்சிவப்புக் கோபுரம் (பிள்ளைகள் அளவு பார்த்து ஒன்றன்மேல் ஒன்றா அடுக்கும் மரக்கட்டைகள்) ஆசாரிகிட்ட சொல்லிச் செய்றவங்களுக்கு: பத்து கனசதுரம், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, ஒவ்வொன்றும் 1 செ.மீ. கூடணும். எல்லாத்தையும் ஒரு மூலைக்கு ஒட்டி அடுக்கினா ஒவ்வொரு படியிலும் 1 செ.மீ. விளிம்பு நிற்கும். 1 செ.மீ. கட்டையை அதில் வெச்சா சரியா உட்காரணும். தேய்க்கும்போது 2 மி.மீ. போயிட்டாக்கூட இது அடிபடும். பத்துக்கும் ஒரே நிறம்தான். வண்ணவண்ணமா அடிச்சா பிள்ளை அளவைப் பார்க்காது, நிறத்தை வெச்சு அடுக்கிடும்.

ஏற்காடு டீச்சர்:
மலையில் உருளைக் கட்டைகளுக்கு (அளவு பார்த்து உருளைகளைக் குழிகளில் பொருத்தும் மரக்கட்டைகள்) ஒரு சிக்கல் உண்டு. நாலு கட்டை, ஒவ்வொன்றிலும் பத்து உருளை. விட்டம் மாறும் கட்டையில் ஒன்றைத் தப்பான குழியில் போட்டா கடைசி உருளைக்கு இடம் கிடைக்காது. யாரும் "தப்பு"ன்னு சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையே பார்த்து மாற்றும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினா மரம் ஊதி, சரியான குழியிலேயே உருளை இறங்காது. உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க! வெயில் காலத்தில் மரம் சுருங்கி உருளை லொடலொடன்னு ஆடும், தப்பான குழியிலும் இறங்கும், அப்புறம் அந்தக் கட்டையால் பயனில்லை. உருளையின் பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசா தேய்ச்சா போதும்.

இன்னொன்று: மார்கழிக் காலையில் விரல் விறைச்சிருக்கும்போது உப்புத்தாள் எழுத்தை (உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்து) தடவினா சொரசொரப்பே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவித் துடைச்ச பிறகு கொடுங்க.

அம்மாபேட்டை அப்பா:
உப்புத்தாள் எழுத்தில் எதை முதலில் கொடுக்கிறது? அ, ஆ, இ வரிசையிலா?

ஃபேர்லேண்ட்ஸ் டீச்சர்:
வேண்டாம் சார். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று எழுத்து, வடிவமும் ஒலியும் நல்லா வேறுபடணும். ப, ம, ய மூன்றையும் ஒன்றாக் கொடுத்தா குழம்பும். ல, ள, ழ அதைவிட மோசம். ப, க எடுத்துக்கலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவணும். முதலில் "இது ப". அடுத்து "ப எங்கே, காட்டு". கடைசியில்தான் "இது என்ன?". காட்டச் சொல்லும்போது தடுமாறினா திருத்தாதீங்க, அன்னைக்கு அதோட நிறுத்திட்டு இன்னொரு நாள் முதல் படியிலிருந்து வாங்க. பெரும்பாலும் நாம நேரா மூன்றாவது கேள்விக்குத் தாவிடறோம், பிள்ளை வாயை மூடிக்குது.

அட்டை எழுத்துகளை வெச்சு வார்த்தை கட்டும்போது தமிழுக்குத் தனிக் கவனம் வேணும். ஆங்கில எழுத்துத் துண்டுகள் இருக்கும் பெட்டியை அப்படியே காப்பியடிச்சா நடக்காது. "கொடி" கட்ட, காதில் முதலில் விழுவது க். ஆனா கையில் முதலில் எடுக்க வேண்டியது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பிள்ளை க-வை முதலில் வைப்பது சரியான கேட்டல்தான், அதைக் கலைக்காதீங்க. படம், மரம், பால், மான்னு கொம்பில்லாத வார்த்தைகளையே போதுமான அளவு கட்டவிட்டு, பிறகு கொம்புக்குப் போங்க. கு, சு, து ஒவ்வொன்றும் வேறு வேறு உருவம் எடுப்பதால் உகரத்துக்குத் தனித் துண்டு வெட்ட முடியாது. முழு எழுத்தாகவே வெட்டி வையுங்க.

அம்மாபேட்டை அப்பா:
நன்றி மேடம். தறி வீடுகளில் வெட்டுத் துணி நிறைய கிடைக்குது, பயன்படுமா?

ஏற்காடு டீச்சர்:
அருமையா பயன்படும். பருத்தி, பட்டு, சணல், கம்பளி, ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. சதுரமா இரண்டு. கண்ணைக் கட்டி, தடவிப் பார்த்தே ஜோடி சேர்க்கணும். மூன்று ஜோடியில் தொடங்குங்க. ஓரத்தை மடிச்சுத் தைக்கணும், இல்லைன்னா பிள்ளை துணியைத் தடவாது, பிரியுற நூலைத்தான் இழுக்கும்.