ஸ்டார் வார்ஸ், அவதார் எல்லாம் பாகம் பாகமா சம்பாதிக்குது, நம்ம சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் மட்டும் ஏன் ஒண்ணு ரெண்டோட நின்னுடுது? (ஒரு அக்ரிமெண்ட் சந்தேகமும் இருக்கு)

செக்காலைரோடு:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. நான் காரைக்குடி. நானும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் மூணு வருஷமா ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை எழுதிட்டு இருக்கோம். கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கெடக்குற ஒரு பெரிய வீடு, முகப்புல நிக்கிற வரைக்கும் இன்னைக்குத் தேதி, வளவுக்குள்ள, அதாவது உள் முற்றத்துல, கால வச்சா 1930, பர்மாவுக்குக் கப்பல் ஏறப்போற ஒரு பையன் பெட்டி கட்டிட்டு இருக்கான், ரெண்டாங்கட்டுக்குப் போனா நமக்கு அப்புறம் வரப்போற காலம். ஒவ்வொரு கட்டும் ஒரு காலம்ங்கறதால மொதல்லேர்ந்தே மூணு படமாத்தான் யோசிச்சோம்.

இப்ப சென்னையில ஒரு தயாரிப்பு கம்பெனி கதை கேட்டாங்க, புடிச்சுப்போச்சு, அக்ரிமெண்டும் அனுப்பிட்டாங்க. தொகை எங்க மூணு பேருக்கும் பெரிய தொகைதான், இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள ஒரு வரி இருக்கு: கதை, கதாபாத்திரங்கள், இனிமே வரப்போற பாகங்கள், புத்தகம், காமிக்ஸ், வேற எந்த வடிவமா இருந்தாலும் எல்லாம் நிரந்தரமா அவங்களுக்கே. கூட இருக்குற ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுவோம்டாங்கறாங்க. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.

அந்தக் குழப்பத்துலதான் இந்தக் கேள்வியே வந்துச்சு. ஜேம்ஸ் கேமரூன் 2009-ல அவதார் எடுத்தார், மறுவெளியீடு எல்லாம் சேர்த்து 290 கோடி டாலருக்கு மேல, 13 வருஷம் கழிச்சு ரெண்டாவது பாகம், அதுவும் 230 கோடி டாலருக்கு மேல. நம்ம ஊர்ல எந்திரன் 2010, 2.0 வந்தது 2018, அப்புறம் அந்தப் பேச்சே இல்ல. இன்று நேற்று நாளை நான் நாலு தடவ பார்த்தேன், 24, மாநாடு, மார்க் ஆண்டனி எல்லாம் டைமை வச்சு வெளையாடின படம், ஆனா எதுவும் வருஷா வருஷம் பணம் குடுக்குற சங்கதியா மாறல. பட்ஜெட் மட்டும்தான் காரணமா? இல்ல வேற எங்கயாவது கோட்ட விடுறோமா?

மூணாவதுரீல்:
பட்ஜெட் இல்ல பாஸ், நம்ம ஆளுங்க படத்த ஹீரோவுக்காகப் பாக்குறாங்க, அவ்வளவுதான். சிட்டி ரோபோவுக்கு ரஜினி மூஞ்சி. வேற ஒருத்தர வச்சு மூணாவது பாகம் எடுத்தா தியேட்டர் நெறையுமா சொல்லுங்க? ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடருக்கு முகமூடிதான் மூஞ்சி, உள்ள நின்னது ஒருத்தர், குரல் குடுத்தது ஒருத்தர், அதுதான் வித்தியாசம். பட்ஜெட்னு சொல்றவங்க மொத டெர்மினேட்டரப் பாக்கணும், 1984-ல வெறும் 64 லட்சம் டாலர்ல எடுத்தது. ஜப்பான்காரன் 2023-ல ஒன்றரைக் கோடி டாலருக்குள்ள காட்ஜில்லா மைனஸ் ஒன் எடுத்து விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரே வாங்கிட்டான்.

ஐந்தொகை:
தம்பி, நான் தேவகோட்டை, முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு வாங்கினவன். சினிமா எனக்குப் பெருசாத் தெரியாது ஆனா வரவு செலவு தெரியும், அதனால அந்தப் பக்கமாவே சொல்றேன்.

ஸ்டார் வார்ஸ் 1977 மே மாசம் வந்தப்ப மொத நாள் அமெரிக்கா முழுக்க முப்பத்திச் சொச்சம் தியேட்டர்லதான் ஓடுச்சு. செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர், பின்னால மறுவெளியீடெல்லாம் சேர்த்து 77 கோடிக்கு மேல வந்துச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச வரவு. தெரியாத வரவு ஒண்ணு இருக்கு. ஜார்ஜ் லூகாஸ் அதுக்கு முன்னாடி எடுத்த படம் பெரிய வெற்றி, அதனால இயக்குநர் சம்பளத்த ஏத்திக் கேட்டிருக்கலாம், கேக்கல. சம்பளம் பழைய ஒப்பந்தப்படி ஒன்றரை லட்சம் டாலராவே இருக்கட்டும், அடுத்த பாகங்கள் எடுக்குற உரிமையும் பொம்மை, சட்டை மாதிரி சரக்கு விக்கிற உரிமையும் எனக்குன்னு கேட்டார். அன்னைக்கு சினிமா பொம்மைக்குப் பெரிய மதிப்பு இல்ல, கம்பெனிக்காரங்களும் குடுத்துட்டாங்க. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பொம்ம செஞ்சு முடிக்க முடியாம, பொம்ம கம்பெனி வெறும் அட்டையில ஒரு கூப்பன வச்சு வித்துச்சு, பொம்ம அடுத்த வருஷம் தபால்ல வரும்னு. ஜனங்க அதையும் வாங்குனாங்க தம்பி, வெறும் அட்டைய!

எங்க ஐயா, அதாவது தாத்தா, மலாயாவுல ரப்பர்த் தோட்டம் வச்சிருந்தவர். பால் வித்த காசுல சாப்பிடலாம், மரத்த மட்டும் யாருக்கும் எழுதிக் குடுக்கக்கூடாதுன்னு எங்க அப்பச்சிகிட்ட (அப்பாகிட்ட) சொல்லிக்கிட்டே இருப்பாராம். லூகாஸ் செஞ்சது அதேதான், கூலியக் கொறச்சுக்கிட்டு மரத்த எழுதி வாங்கிட்டார். ரெண்டாவது பாகத்துக்கு சொந்தப் பொறுப்புல பேங்க்ல கடன் வாங்கிப் போட்டார். அந்த மரத்தத்தான் 2012-ல டிஸ்னிக்குக் கம்பெனியோட 405 கோடி டாலருக்குக் குடுத்தார். மூணு வருஷம் கழிச்சு வந்த ஸ்டார் வார்ஸ் படம் ஒண்ணே 200 கோடி டாலர் தாண்டி வசூல் பண்ணுச்சு.

ஆனா வசூல் தொகையப் பாத்து ஏமாறாதீங்க, அது நிகர லாபம் இல்ல. தியேட்டர் பங்கு போகத்தான் தயாரிப்பாளருக்கு. அமெரிக்காவுல ஏறக்குறைய பாதி கைக்கு வரும், சீனாவுல வெளிநாட்டுப் படத்துக்குக் கால் பங்குதான் திரும்பும். 2015-ல வந்த டெர்மினேட்டர் ஜெனிசிஸ எடுத்துக்குங்க. பட்ஜெட் 15 கோடி டாலருக்கு மேல, உலக வசூல் 44 கோடி, கேக்க நல்லா இருக்கு. ஆனா சொந்த ஊர்ல 9 கோடி கூடத் தொடல, சீனாவுல மட்டும் 11 கோடிக்கு மேல. விளம்பரச் செலவு தனி. அதுக்கு மேல ரெண்டு பாகம்னு போட்ட திட்டம் அப்படியே போச்சு. டெர்மினேட்டர் கதையோட உரிமையும் பாருங்க, ஆரம்பத்துல கேமரூன் மொதப் படத்த தானே டைரக்ட் பண்ணணும்ங்கறதுக்காக ஒரு டாலருக்குக் குடுத்துட்டார், அப்புறம் அது கை மாறிக் கை மாறி எங்கெங்கயோ சுத்திச்சு. உங்க அக்ரிமெண்ட் வரியப் படிச்சதும் எனக்கு அந்த ஒரு டாலர்தான் ஞாபகம் வந்துச்சு.

செக்காலைரோடு:
ஐயா ரொம்ப நன்றி. மரம், பால் விஷயத்த அப்படியே எங்க குரூப்ல போட்டுட்டேன், ரெண்டு பேரும் படிச்சுட்டு இன்னும் பதில் போடல. எந்திரன் சன் பிக்சர்ஸ், 2.0 லைக்கா, இந்தக் கை மாறுறதும் ஒரு காரணமா இருக்குமா?

எம்.ஆர்.ஏரியா:
கை மாறுறத விட வேற ஒண்ணு இருக்கு தம்பி, நான் தியேட்டர் பக்கத்துலேர்ந்து சொல்றேன். நம்ம மதுரை ராம்நாடு ஏரியாவுல இருபது வருஷமா ஆபரேட்டரா இருந்து இப்ப மேனேஜரா இருக்கேன். பெரிய ஹீரோ தமிழ்ப் படம்னா எம்.ஜி. (படம் ஓடினாலும் ஓடாட்டாலும் இவ்வளவுன்னு உறுதிப்பணம்) கட்டித்தான் எடுக்கணும், மூணு நாள்ல பணம் வரலன்னா தூக்கிடுவோம், அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த படம் நிக்கும். டப்பிங் இங்கிலீஷ் படத்துக்கு அந்த பாரம் கெடையாது, பெர்சன்டேஜ்லதான், வர்ற வசூல்ல பங்குன்னு, போடுவோம், ரெண்டாவது வாரமும் புள்ளைங்க அப்பா அம்மாவ இழுத்துட்டு வருவாங்க. டைனோசர் படம் தமிழ்ல வந்தப்ப பள்ளத்தூர், கோட்டையூர்லேர்ந்தெல்லாம் வேன் கட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு அப்பா மடியில உக்காந்து பாத்த பையன் இப்ப தன் புள்ளையக் கூட்டிட்டு ஜுராசிக் வேர்ல்டுக்கு வர்றான், நான் டிக்கெட் கிழிச்ச கையாலயே அவன் மகனுக்கும் கிழிக்கிறேன், அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் சந்தோஷமா இருக்கு. தொடர் படத்தோட காசு அந்தத் தலைமுறைப் பழக்கத்துலதான் இருக்கு.

அதனாலதான் ஸ்டார் வார்ஸ் இங்க எடுபடல. நாம சின்னப் புள்ளையில பாக்கல, ஏழாவது பாகத்த எடுத்தவொடனே போட்டா யார் யாருக்கு மகன்னே புரியாது. சீனாவுலயும் இதே கததான், 2018-ல ஸ்டார் வார்ஸ் வரிசையில வந்த சோலோ அங்க சுத்தமா எடுபடல, மொத்தமா உலகத்துல 39 கோடி டாலர், செலவே 25 கோடிக்கு மேல. முந்துன ஸ்டார் வார்ஸ் படம் வந்து அஞ்சு மாசம்தான் ஆகியிருந்துச்சு, ஜனங்க ஏங்குறதுக்கே டைம் குடுக்கல. சீனாக்காரங்க அவங்க ஊர் எழுத்தாளர் லியூ சிஷின் கதைய வச்சு 2019-ல வாண்டரிங் எர்த் எடுத்து சுமார் 70 கோடி டாலர் பாத்தாங்க, 2023-ல அடுத்த பாகமும் நல்லாப் போச்சு. சொந்த ஊர்க் கதைக்கு சொந்த ஊர்லயே மார்க்கெட்.

இன்னொண்ணு, பெருமையா சொல்லிக்கலாம்னு சொல்றேன். டப்பிங்க ஆரம்பிச்சதே நம்ம காரைக்குடி ஆளுதான். ஏ.வி.மெய்யப்பன், கன்னடத்துல எடுத்த ஹரிச்சந்திராவ 1944-ல தமிழ்ல குரல் மாத்தி விட்டார், இந்தியாவுலயே மொத டப்பிங் படம்னு அதத்தான் சொல்றாங்க. ஒரு காலத்துல ஸ்டூடியோவையே தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு நடத்துனவர். அவர் ஊர்லேர்ந்து நீங்க எழுதுறீங்க தம்பி, சாதாரணமா நெனச்சுடாதீங்க.

கண்டனூர்பொண்ணு:
நான் சென்னையில விஎஃப்எக்ஸ் (சினிமா கிராஃபிக்ஸ்) வேலை பாக்குறேன், சொந்த ஊர் கண்டனூர். அண்ணே சொன்னதோட ஒரு விஷயம் சேக்கணும். ரெண்டாம் பாகத்துல லாபம் கூடுறதுக்கு எங்க டிப்பார்ட்மெண்ட்டும் காரணம், மொத பாகத்துக்குக் கம்ப்யூட்டர்ல செஞ்ச மாடல் (உருவம்), ரிக் (அத அசைக்கிற எலும்புக்கூடு), டெக்ஸ்ச்சர் (மேல்பூச்சு) எல்லாம் பத்திரமா இருந்தா அடுத்த படத்துக்குப் பாதி வேலை மிச்சம். லூகாஸ் 1975-லயே இந்த வேலைக்குன்னு சொந்தப் பட்டறை போட்டார், ஐஎல்எம், அப்புறம் டெர்மினேட்டர் 2, ஜுராசிக் பார்க் எல்லாத்துக்கும் அந்தப் பட்டறைதான் வேலை செஞ்சு குடுத்துச்சு. அடுத்தவன் படம் ஓடினாலும் இவருக்கு வரவு. அவதார் ரெண்டு பாகத்துக்கும் பெரும்பாலான வேலைய செஞ்சது நியூசிலாந்துல ஒரே கம்பெனி, வீட்டா. இங்க ஷாட்ட நாலஞ்சு இடத்துக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க, படம் முடிஞ்சதும் ஹார்ட் டிஸ்க் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. நான் வேலை செஞ்ச ஒரு படத்துல ஒரு ஊரையே ஒன்பது மாசம் உக்காந்து கட்டினோம், அத மறுபடியும் தொறந்து பாக்கக்கூட ஆள் இல்ல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

அப்புறம் வட்டி. அயலான் 2018-ல ஆரம்பிச்சு 2024 பொங்கலுக்குத்தான் வந்துச்சு. கிராஃபிக்ஸ் படம்னா காத்திருக்கணும், நம்ம பைனான்ஸ் மாச வட்டிக் கணக்கு, காத்திருக்க விடாது. அதனால உங்க படம் லேட் ஆகலாம்னு எதிர்பார்த்தே அக்ரிமெண்ட் போடுங்க.

சட்டத்துலயும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கு. காப்பிரைட் சட்டம் 19-வது பிரிவுப்படி எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுன்னு எழுத்துல இருக்கணும். காலம் போடலன்னா 5 வருஷம்னு அர்த்தம், எடம் போடலன்னா இந்தியா மட்டும். வாங்குனவங்க ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையப் பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதாத பட்சத்துல, அது திரும்பிடும். உங்க அக்ரிமெண்ட்ல ‘நிரந்தரமா’ன்னு போட்டிருக்கறதே இதையெல்லாம் தாண்டத்தான், அதனால அந்த வார்த்தையத்தான் மொதல்ல பேசணும். ஒரேயடியா முடியாதுன்னு சொல்லாதீங்க, இந்த ஒரு படத்துக்கு மட்டும் தமிழ் உரிமை, அடுத்த பாகம் எடுத்தா மொதல்ல உங்ககிட்ட கேப்போம், இத்தன வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கலன்னா எங்களுக்கே திரும்பிடும், புத்தகமும் காமிக்ஸும் எங்களுதுன்னு கேட்டுப் பாருங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல் கண்ணுல காட்டுங்க. கதைய எழுத்தாளர் சங்கத்துல பதிஞ்சாச்சா?

செக்காலைரோடு:
அக்கா, அண்ணே, ஐயா, எல்லாருக்கும் நன்றி. நேத்து அவங்ககிட்ட போன்ல பேசிட்டேன், கை நடுங்குச்சு, ஆனா பேசிட்டேன். புத்தகமும் காமிக்ஸும் நாங்க வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, அதுக்குத் தொகையில கொஞ்சம் கொறைப்பாங்களாம், சரின்னுட்டேன். ரெண்டாம் பாகத்த இன்னும் விட்டுக் குடுக்கல, நேர்ல வாங்க பேசலாம்ங்கறாங்க. ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் தொகை கொறஞ்சதுல மனசு சங்கடப்பட்டான், ராத்திரி கொப்புடையம்மன் கோயில் பக்கம் நடந்துக்கிட்டே ரொம்ப நேரம் பேசினோம், கடைசியில வாடா சேர்ந்தே போவோம்னு சொல்லிட்டான். சங்கத்துல இன்னும் பதியல அக்கா, அது எங்க தப்பு. திங்கக்கிழமை பல்லவன்ல மூணு பேரும் ஏறுறோம், மொத வேலை சங்கம், அப்புறம் வக்கீல், அதுக்கப்புறந்தான் அவங்க ஆபீஸ்.